ஒப்படைக்கப்படாத திரை

ஆஸ்பத்திரிக்குத் திரை தைத்துக் கொடுத்த பில்லுக்குப் பணம் வரவில்லை என்று கேட்கப் போன முதல் நாள், ஏஜென்சியில் ஸ்கிரீன் அக்காவை உட்கார வைத்த சோபா மிக நன்றாக இருந்தது. அதைப் பார்த்ததுமே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வந்த காரியம் சட்டென்று முடிகிற இடங்களில் யாரும் சோபாவுக்கு அவ்வளவு செலவு செய்வதில்லை.

அக்கா சொந்தமாகத் தொழில் செய்பவர். வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் ஜன்னல் திரை, கதவுத் திரை தைத்து, கம்பி அடித்து, மாட்டிக் கொடுப்பார். அவரைவிட மூத்தவர்களும் அவரை ஸ்கிரீன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாத்தனாரும் கூடவே தைப்பாள். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகள் இறங்கியதும் அந்த வேனில் துணி மூட்டைகள் ஏறிக்கொள்ளும். பெரிய ஆஸ்பத்திரி மாதிரியான இடங்கள் இப்படிப்பட்ட தனி ஆட்களுக்கு நேராக வேலை தருவதில்லை. நடுவில் ஒரு ஏஜென்சி இருக்கும். வேலை அதன் வழியாக வரும். பணமும் அதே வழியில்தான் வர வேண்டும், வழியில் எங்கும் கண்ணயர்ந்துவிடாமல் இருந்தால்.

ஏஜென்சியில் யாரையும் சப் காண்ட்ராக்டர் என்று சொல்வதில்லை. அது மரியாதைக் குறைவு என்று இயக்குநர் நினைத்தார். ‘பங்காளிகளே, வருக’ என்று வாசலிலேயே பித்தளை எழுத்தில் பதித்திருந்தது.

“பங்காளின்னு போட்டிருக்கறதைப் பார்த்ததும் நீ திரும்பி வந்திருக்கணும்” என்று வீட்டுக்காரர் அன்று இரவு சொன்னார். “எங்கப்பாவுக்கும் ஒரு பங்காளி இருந்தார். கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் கோர்ட்டுல மட்டும்தான் பார்த்துக்கிட்டாங்க.”

அக்காவை வரவேற்றவர் பங்காளி நல அதிகாரி. இளவயதுக்காரர். எந்தச் செய்தியையும் சிரித்த முகத்தோடுதான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வேலை விதிகளில் ஒன்று.

“வாங்கக்கா, வாங்க. நீங்க நேர்ல வந்ததுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். மத்த பங்காளிங்கல்லாம் போன்லயே அழுதுடறாங்க. முகத்தைப் பார்க்கவே முடியறதில்லை.”

“என் பில்லை நிறுத்தி வெச்சிருக்கீங்களாம் சார்.”

“நாங்க நிறுத்தலைக்கா. அது தானா நின்னுடுச்சு. ஆர்டர்ல இருக்கற திரைக்கும் நீங்க மாட்டியிருக்கற திரைக்கும் கணக்கு ஒத்துப்போகல.”

“குறையுதா சார்?”

“கூடுது.”

கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் அக்காவுக்கு விளங்கியது. நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. ஆர்டர் எழுதியவர் அந்த அறைக்குள் போயிருக்க வாய்ப்பில்லை, அதனால் ஜன்னலும் ஆர்டரில் இல்லை.

“எதிர்க் கட்டடத்துல சாரம் கட்டி பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்காங்க சார். பாவம், பொம்பளைங்க துணி மாத்தற இடம். ஹெட் நர்ஸம்மா கேட்டாங்க. மிச்சத் துணி கையில இருந்துச்சு. ஒண்ணு தைச்சு மாட்டிட்டேன். அதுக்கு நான் காசே போடலையே.”

அதிகாரி சிரிப்பைக் குறைக்காமலே கவலைப்பட்டார்.

“அங்கதான்க்கா சிக்கல். காசு போட்டிருந்தீங்கன்னா, அனுமதியில்லாத வேலைன்னு அதை மட்டும் அடிச்சிருப்போம். போடலைங்கறதால அது அன்பளிப்பா ஆயிடுச்சு. எங்க வாடிக்கையாளருக்கு எங்க பங்காளி அன்பளிப்பு கொடுத்தா, அது லஞ்சமா இல்லையான்னு நெறிமுறைக் குழு விசாரிக்கணும்.”

“குழு எப்ப சார் கூடும்?”

“குழுவுக்கு இன்னும் ஆள் போடல.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“சுலபம்க்கா. அந்தத் திரையைக் கழட்டிட்டு, வெறும் ஜன்னலை ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க. லஞ்சத்தைத் திரும்ப வாங்கினதா பதிவு பண்ணிக்கறோம்.”

அக்கா ஸ்குரூ டிரைவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஹெட் நர்ஸ் உயரமான பெண்மணி. குரல் அதைவிட உயரம். விஷயத்தைக் கேட்டதும் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“கழட்டிடுவீங்களா? என்னைத் தாண்டித்தான் கழட்டணும். ஆமா, பணம் இன்னும் வரலைன்னா என்ன அர்த்தம்? நாங்கதான் கட்டடம் திறந்த கையோட மொத்தத்தையும் ஏஜென்சிக்குக் கட்டிட்டோமே! பெரிய டாக்டரம்மா கையெழுத்துப் போடறப்ப நான் பக்கத்துலதானே நின்னேன்.”

அக்கா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். துணிக்கடைக்காரர் கடனாகக் கொடுத்த துணி அது. அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. தினமும் போன் செய்து, “சும்மாதான்மா, நல்லா இருக்கியா?” என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்து, பிறகு வைத்துவிடுவார். திட்டினால்கூடத் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றும்.

ஹெட் நர்ஸுக்கு மனம் இளகியது. ஆனால் திரையை விடவில்லை. “போட்டோதானே வேணும்? எடுங்க” என்றவர், திரையைக் கம்பியின் ஓரத்துக்குத் தள்ளி, அதைத் தன்மேல் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, அதன்மேல் வெள்ளைக் கோட்டை இழுத்து மாட்டினார். போட்டோவில் ஒரு வெறும் ஜன்னலும், அதன் ஓரத்தில் மிகப் பருமனான ஒரு நர்ஸும், ஜன்னலுக்கு வெளியே சாரத்தில் நின்று கையசைக்கும் ஒரு பெயிண்டரும் தெளிவாக விழுந்திருந்தார்கள்.

அதிகாரி போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

“இந்தப் பெயிண்டர் நம்ம பங்காளிதான்க்கா” என்றார் கடைசியில். “அவர் பில்லும் நின்னுடுச்சு. பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்கார்!”

திரை விவகாரம் அதோடு முடிந்தது. பணம் வரவில்லை. அடுத்த முறை போனபோது ஆபீஸில் எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று அக்கா தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

“இல்லக்கா, புது விதி. உங்களாலதான் வந்துச்சு” என்று அதிகாரி பெருமையாகச் சொன்னார். “இயக்குநரே ‘ஜன்னல் விதி’ன்னு பேர் வெச்சிருக்கார். இனிமே ஆர்டர்ல எழுதாத வேலையை எந்தப் பங்காளியும் செய்யக் கூடாது. செஞ்சா மொத்த பில்லும் ரத்து. கூடுதலா ஒரு வேலை செய்யணும்னா அதுக்குத் தனி ஆணை வேணும். அந்தப் பங்காளியோட பழைய பில்லெல்லாம் முழுசா முடிஞ்சிருந்தாத்தான் கம்ப்யூட்டர் அந்த ஆணையைப் போடும். பழைய பில்லை எங்க முடிக்கப் போறோம்? அதனால கூடுதல் வேலைங்கற பேச்சே இருக்காது.”

“கையை எதுக்கு சார் கட்டிக்கிட்டு இருக்கீங்க?”

“அது வக்கீல் சொன்னது. நீங்க கொண்டு வர்ற பொருளை நாங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்கற வரைக்கும் அது உங்களோடது. ஆனா அதுக்கு முன்னாடி எங்க ஆள் யாராவது தொட்டுட்டா, ஏத்துக்கிட்டதா ஆயிடுமாம். அன்னைக்கே பணம் கொடுத்தாகணுமாம். அதனால நாங்க யாரும் எதையும் தொடறதில்லை.”

“கையெழுத்து எப்ப சார் போடுவீங்க?”

“போட்டாலும் பணம் கொடுக்கணுமேக்கா” என்றார் அதிகாரி, குழந்தைக்குச் சொல்வது போல.

அந்த வாரம் ஓவர்லாக் மெஷினுக்குத் தவணை கட்ட முடியாமல், கம்பெனி ஆட்கள் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிக நல்ல மனிதர்கள். போகும்போது எண்ணெய் டப்பாவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். நாத்தனார் துணி ஓரங்களைக் கையால் தைக்க ஆரம்பித்தாள். ஊசி குத்தும்போதெல்லாம் அவள் ஏஜென்சியில் ஒவ்வொருவரையும் பதவி சொல்லித் திட்டினாள்.

“ஒரே ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போங்க அண்ணி.”

“நீ வந்தா பில் வராதும்மா. போலீஸ்தான் வரும்.”

அக்கா போய்க்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவரை ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். பில் தாமதமான பங்காளிகள் எல்லோரும் அந்த வகுப்பை முடித்தாக வேண்டும். தலைப்பு, ‘தாமதத்தோடு நட்பு’. வகுப்புக்கான கட்டணத்தை அவரவர் பில்லில் கழித்துக்கொள்வார்களாம்.

“இன்னும் வராத பணத்துலேர்ந்து எப்படி சார் கழிப்பீங்க?”

“அது மட்டும் உடனே நடந்துடும்க்கா.”

பயிற்சியாளர் மெலிந்த மனிதர். குரல் தேன் போல இருந்தது. எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார்.

“மூச்சை உள்ள இழுங்க. பணம் வருது, வருதுன்னு நினைச்சுக்கோங்க. இப்ப மெதுவா வெளிய விடுங்க. வரலைன்னாலும் பரவாயில்லை, பரவாயில்லை…”

மேடை போடும் தச்சர் இரண்டாவது மூச்சிலேயே குறட்டை விட்டார். நாற்காலி வாடகைக்கு விடுபவர் மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விட மறுத்துவிட்டார். டீ இடைவேளையில் பயிற்சியாளர் அக்காவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்கு ஏதாவது வந்துச்சாங்க?”

“இல்லீங்க.”

“எனக்கும் வரல. இந்த வகுப்பு எடுத்தே எனக்கு இவங்க நிறையத் தரணும். ராத்திரியில தூக்கமே இல்லை. மூச்சுப் பயிற்சி பண்ணினா நெஞ்சு வேற படபடங்குது.”

இப்படியிருக்கும்போதுதான் ஏஜென்சியின் ஆண்டு விழா வந்தது. வாடகை மண்டபத்தில் இருந்த பழைய திரை சாயம் போயிருந்தது. ‘சிறந்த பங்காளி’ என்ற முறையில் புதுத் திரை தைக்கும் வாய்ப்பை அக்காவுக்குத் தருவதாக அதிகாரி சொன்னார். பழைய பில்லை வாய்ப்பு என்ற சொல்லுக்குக் கீழே எங்காவது சேர்த்திருக்கிறார்களா என்று அக்கா கேட்டார். இல்லை, ஆனால் கையில் ஒரு வேலை இருந்தால்தான் பில் ‘உயிருள்ள பங்காளிகள்’ வரிசையில் இருக்கும், இல்லையென்றால் மற்ற வரிசைக்குப் போய்விடும் என்றார் அதிகாரி. மற்ற வரிசையின் பெயரை அக்கா கேட்கவில்லை.

துணிக்கடைக்காரர் பட்டுப்போல் மின்னும் சிவப்பு வெல்வெட்டை அளந்து வெட்டினார். கத்தரி வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. அக்காவும் நாத்தனாரும் சேர்ந்து வீட்டுக் கூடத்தில் துணியை விரித்தபோது நடக்க இடமில்லை. வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக உள்ளே ஏறி வந்தார். நாத்தனாரின் விரல்களில் ஊசி படாத இடம் இல்லை என்று ஆனபோது திரை தயாரானது. சுவரிலிருந்து சுவர் வரை, மேலிருந்து தரை வரை, ஒரு பெரிய சிவப்பு.

விழா நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. வராதவர்களின் பில் பின்னுக்குத் தள்ளப்படும் என்று அழைப்பிதழில் அன்போடு எழுதியிருந்ததால் பங்காளிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முன்வரிசைகளில் ஏஜென்சி ஊழியர்கள். திரைக்குப் பின்னால், மேடையில், இயக்குநரும் சிறப்பு விருந்தினரும் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர், ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா. அக்கா மேடையின் ஓரத்தில், திரைக் கயிற்றின் பக்கத்தில் நின்றார். விழா முடியும்வரை திரையோடு இருக்க வேண்டும் என்பது ஆர்டரில் இருந்தது.

நல அதிகாரி கையைத் தூக்கிச் சைகை காட்டினார். அக்கா அசையவில்லை. அவர் மறுபடி காட்டினார். பிறகு ஓடி வந்தார்.

“திரையைத் திறங்கக்கா!”

“ஆர்டர்ல அது இல்லையே சார்.” அக்கா பைக்குள்ளிருந்து தாளை எடுத்தார். அவர் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. “தைத்து, மாட்டி, உடனிருத்தல்னுதான் போட்டிருக்கு. திறக்கறது போடலை. ஒரு ஜன்னலுக்கே எனக்கு இவ்வளவு ஆச்சு. இது எவ்வளவு பெரிசு, பாருங்க. மொத்த பில்லும் ரத்தாயிடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“அது… இது… சும்மா ஒரு கயிறுதானேக்கா!”

“அதுவும் சும்மா ஒரு ஜன்னல்தான் சார்.”

அதிகாரி வாழ்க்கையில் முதன்முறையாகச் சிரிக்காமல் கயிற்றைப் பார்த்தார். தானே இழுத்துவிடலாம் என்று கையை நீட்டினார். மேடையின் மறுகோடியிலிருந்து ஓர் அலறல் வந்தது.

“தொடாதீங்க!”

ஏஜென்சியின் கணக்கு மேலாளர் லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி ஓடி வந்தார். “தொட்டா ஏத்துக்கிட்டதா ஆயிடும்! இன்னைக்கே பணம் கொடுக்கணும்! வெல்வெட்டுய்யா அது, வெல்வெட்டு!”

அதிகாரி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். மண்டபத்தில் யாரோ ஒரு குழந்தை, “அம்மா, எப்ப ஆரம்பிக்கும்?” என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

“என்ன தாமதம்?” என்றார் டாக்டரம்மா, கைக்கடிகாரத்தைப் பார்த்து. “எனக்கு ஆபரேஷன் இருக்கு. கொஞ்ச நேரத்துல கிளம்பிடுவேன்.”

இயக்குநர் பதறவில்லை. நிகழ்ச்சி நிரலில் இப்போது தன் உரை என்று இருந்தது. திரை திறந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அவர் மைக்கின் முன்னால் போய் நின்று, மூடிய சிவப்பு வெல்வெட்டைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார்.

“அன்பான பங்காளிகளே! உங்கள் மலர்ந்த முகங்களைப் பார்க்கும்போது என் உள்ளம் நெகிழ்கிறது. இந்த நிறுவனத்தின் உயிர்மூச்சு எது என்று கேட்கிறார்கள். வெளிப்படைத்தன்மை! நமக்குள் ஒளிவு மறைவு உண்டா? உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஏதாவது திரை இருக்கிறதா?”

“இருக்கு” என்றது அதே குழந்தை.

“இல்லை!” என்று இயக்குநர் முழங்கினார். “உங்கள் பணத்தை நாங்கள் யாரோ ஒருவருடைய பணமாக ஒருபோதும் நினைத்ததில்லை. எங்கள் சொந்தப் பணமாகவே நினைத்து வருகிறோம்!”

ஊழியர்கள் கைதட்டினார்கள். பங்காளிகள், அந்த வாக்கியத்தை மனதுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தட்டாமல் இருந்தார்கள்.

மேடை ஓரத்தில் கணக்கு மேலாளர் தரையில் மண்டியிட்டு லேப்டாப்பைத் திறந்திருந்தார். “கூடுதல் வேலைன்னு ஒரு ஆணை போட்டுடலாம். திரை திறத்தல். முடிஞ்சுது” என்று தட்டினார். கம்ப்யூட்டர் ஒரு சிவப்புக் கட்டத்தைக் காட்டியது.

“என்ன சொல்லுது?” என்றார் அதிகாரி.

“ஜன்னல் விதி. இந்த அம்மாவோட பழைய பில் முடியலையாம். ஆணை போடாதாம்.”

“அப்ப தொட்டுடலாமா?”

கணக்கு மேலாளர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தொட்டால் வெல்வெட்டுக்குக் கொடுக்க வேண்டும், அது அதிகம். பழைய பில்லை முடித்தால் ஆஸ்பத்திரித் துணிக்குத்தான், அது குறைவு. அவர் முகத்தில் ஒரு பெரிய நிறுவனம் சின்ன நஷ்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வரும் துயரம் வந்தது.

“எந்த பில் முடியலை?” டாக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடி அங்கே வந்து நின்றிருந்தார்.

“உங்க ஆஸ்பத்திரி ஸ்கிரீனுங்கம்மா” என்றார் அக்கா.

“அதுக்குத்தான் நாங்க எப்பவோ பணம் கட்டியாச்சே.” டாக்டரம்மா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கணக்கு மேலாளரைப் பார்த்தார். கணக்கு மேலாளர், பார்க்க வேறு யாரும் இல்லாததால், லேப்டாப்பைப் பார்த்தார். “அப்ப அந்தப் பணம் எங்க?”

“பத்திரமா இருக்குங்கம்மா” என்று முணுமுணுத்துவிட்டு, கணக்கு மேலாளர் பழைய பில்லுக்குப் பணம் அனுப்ப வேகமாகத் தட்டத் தொடங்கினார். ஆனால் பணம் போக வேண்டுமென்றால் இயக்குநரின் போனுக்கு வரும் எண் வேண்டும். இயக்குநரின் சட்டைப்பையில் போன் டிங் என்றது. கணக்கு மேலாளர் தவழ்ந்துபோய் அவர் பேன்ட்டைப் பிடித்து இழுத்து, “நம்பர் சார், நம்பர்!” என்றார்.

இயக்குநர் உரையை நிறுத்துகிறவர் அல்ல. போனை எடுத்துப் பார்த்தார். தனக்குக் கொடுத்த புள்ளிவிவரம் என்று நினைத்துக்கொண்டார்.

“நம் வளர்ச்சியை எண்களே சொல்லும்! ஏழு! ஒன்று! நான்கு! நான்கு! ஒன்பது! இரண்டு!”

ஊழியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அக்காவின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடி போடாததால் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். வகுப்புக் கட்டணம் போக மீதி முழுவதும் வந்திருந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“ஆணை வந்துடுச்சா சார்?”

“வந்துடுச்சு, இழுங்க தாயே!”

அக்கா கயிற்றை இழுத்தார். ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு வளையம் சிக்காமல் அந்தச் சிவப்பு இரண்டாகப் பிரிந்து விலகியது. மண்டபத்தில் இருந்தவர்கள், போனைத் தூக்கிப் பிடித்த இயக்குநரையும், அவர் காலடியில் மண்டியிட்ட கணக்கு மேலாளரையும், கைப்பையோடு அவர்கள் இருவரையும் முறைத்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவையும் ஒருசேரப் பார்த்தார்கள். கைதட்டல் கூரையைத் தொட்டது. பங்காளிகள் தட்டிய முதல் கைதட்டல் அது.

இயக்குநர் பூரித்துப்போனார். அது தன் உரைக்குக் கிடைத்தது என்று நினைத்து, உணர்ச்சி மேலிட்டுப் பக்கத்தில் தொங்கிய திரையை வாரி அணைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். “ஆகா, எப்படிப்பட்ட வேலைப்பாடு!” என்றார் மைக்கில்.

கணக்கு மேலாளர் எழுப்பிய ஒலிக்கு எழுத்து இல்லை.

“தொட்டுட்டாரு!” என்று கூட்டத்தின் நடுவிலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. “எல்லாரும் பார்த்தீங்கல்ல? தொட்டுட்டாரு! எங்க திரையை ஏத்துக்கிட்டாரு!”

அதைக் கேட்டதும் பின்வரிசையில் தச்சர் மெதுவாக எழுந்தார். அதிகம் பேசாத மனிதர்.

“சார், ஒரு சந்தேகம். அந்த மேடை நான் போட்டது. இன்னும் நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலை. அது மேலதானே நிக்கறீங்க? கால்ல தொட்டா கணக்கு இல்லையா?”

விதியில் கை என்று இல்லை. தொட்டால் என்றுதான் இருந்தது. இயக்குநர் ஒரு காலைத் தூக்கினார். மற்றதையும் தூக்க வழியில்லை என்று தெரிந்ததும் முதல் காலையே திரும்ப வைத்தார்.

“அப்ப நாற்காலி?” என்று நாற்காலிக்காரர் எழுந்தார்.

முன்வரிசைகளில் ஏஜென்சி ஊழியர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில், பின்பக்கம் சுட்டது போல, எழுந்து நின்றார்கள். “எந்திரிச்சா ஆச்சா? இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்களே!” என்றார் நாற்காலிக்காரர். அவரிடம் கறாரும் இருந்தது, கனிவும் இருந்தது. சாரத்தில் நின்று கையசைத்த பெயிண்டரும் வந்திருந்தார். தான் பெயிண்ட் அடித்த சுவரில் ஏஜென்சி ஆள் யாராவது சாய்ந்தார்களா என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கினார்.

மேடையில் கணக்கு மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணை மூடி மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து மெதுவாக வெளியே விட்டார். பயிற்சியாளர் உடனே கையைத் தூக்கினார்.

“சார், இப்ப நீங்க பண்றீங்களே, அது என்னோட பயிற்சிதானே?”

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டார். நோயாளிக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று பதில் வந்ததும், ஒரு நாற்காலியை இழுத்துக் கணக்கு மேலாளரின் எதிரில் போட்டு வசதியாக உட்கார்ந்தார். “நான் உட்காரலாம்ல? நான் உங்க ஆள் இல்லையே” என்று நாற்காலிக்காரரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு விழாவில் வேறு நிகழ்ச்சி எதுவும் நடக்கவில்லை. பங்காளிகள் வரிசையாக மேடை ஏறினார்கள். இயக்குநர் எண்களைச் சொன்னார். ஒவ்வொருவர் போனும் டிங் என்றதும் மண்டபம் கைதட்டியது. இவ்வளவு உற்சாகமான ஆண்டு விழா இதுவரை நடந்ததில்லை என்று நல அதிகாரி மறுநாள் அறிக்கை எழுதினார். அது உண்மையும்கூட.

துணிக்கடைக் கடன் தீர்ந்தது. ஓவர்லாக் மெஷினை அதே நல்ல மனிதர்கள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

சில நாள் கழித்து ஹெட் நர்ஸ் கூப்பிட்டார். குழந்தைகள் வார்டுக்குத் திரை வேண்டும். சின்ன வேலைகளுக்கு இனி ஏஜென்சி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். அக்கா அளவெடுத்து முடித்ததும், கீழே போய் கேஷியரைப் பார்க்கும்படி ஹெட் நர்ஸ் சொன்னார்.

அக்கா பயந்துகொண்டேதான் போனார். பில் புத்தகம், பழைய ஆர்டர், போட்டோ, வங்கிப் புத்தகம் எல்லாம் பையில் இருந்தன. கேஷியர் சீட்டைப் பார்த்தார். பெயரைக் கேட்டார். நோட்டுகளை எண்ணி ஜன்னல் வழியாகத் தள்ளினார்.

“அட்வான்ஸ். மீதி வேலை முடிஞ்சதும் வாங்கிக்கோங்க.”

அக்கா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“வேற ஏதாவது வேணுமாம்மா?”

“இல்லைங்க. இதுக்கு மேல எங்க போகணும்?”

“வீட்டுக்குத்தான்.”

வாசலில் வேன் நின்றது. அக்கா ஏறி, வழக்கம்போல் பிள்ளைகளுக்கான குட்டைச் சீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பி, கேட்டைத் தாண்டும்வரை பொறுத்திருந்தார்.

“என்ன ஆச்சு? எப்ப வரச் சொன்னாங்க?”

“வரச் சொல்லலைங்க. பணம் கொடுத்துட்டாங்க.”

வேன் நடுத்தெருவில் நின்றது. வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

“ஏன்?”